ரத்தம் கொதிப்பதில்லை: முதியவர்களின் பிரஷரும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமும்

“வயசானா வரத்தான் செய்யும்.” “தலை சுத்துற அன்னிக்கு மட்டும் மாத்திரை போட்டுக்குவேன்.” “ஒரு தடவை ஆரம்பிச்சா விடவே முடியாதாமே!” இந்த மூன்று பேச்சையும் ஒரே கல்யாண வீட்டில், ஒரே பந்தியில் கேட்டிருக்கிறேன். சொன்னவர்கள் மூவரும் அறுபதைத் தாண்டியவர்கள். மூவர் இலையிலும் ஊறுகாய் இருந்தது.

இந்தக் குழப்பத்தில் பாதிக்கு இரண்டு சொற்களே காரணம் என்பேன். ஒன்று, ரத்தக்கொதிப்பு. அதைக் கேட்டதுமே சூடு, கோபம், சிவந்த முகம் என்று ஒரு படம் மனதில் விரிகிறது. அதனால்தான், அதிர்ந்து பேசாத பாட்டிக்குப் பிரஷர் என்று சொன்னால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. மற்றொன்று, ஆரம்ப சுகாதார நிலையம் என்ற பெயரில் இருக்கும் ‘ஆரம்ப’. ஆரம்பப் பள்ளி மாதிரி அதுவும் காய்ச்சல், சளி, தடுப்பூசிக்கான இடம், பிரஷர் போன்ற பெரிய நோய்க்கு டவுனில் பெரிய டாக்டரைத்தான் பார்க்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் முதியவர்களின் பிரஷருக்கு அந்தச் சின்னக் கட்டடத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அது ஏன் என்று புரிய, ஒரு தண்ணீர்க் குழாயிலிருந்து தொடங்குவோம்.

தோட்டத்துக் குழாயும் கட்டைவிரலும்

செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீறிட்டு அடிக்கும். குழாயை இன்னொரு கையால் பிடித்துப் பார்த்தால் விறைத்திருக்கும். உள்ளே இருக்கும் தண்ணீர் குழாயின் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. அந்தத் தள்ளுதல்தான் அழுத்தம்.

உடம்பில் மோட்டாருக்குப் பதில் இதயம் இருக்கிறது. இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டு செல்லும் குழாய்களுக்குத் தமனிகள் என்று பெயர். தமனியின் சுவரை ரத்தம் தள்ளும் விசைதான் ரத்த அழுத்தம். இதில் கொதிப்பும் இல்லை, சூடும் இல்லை.

குழாயில் அழுத்தம் ஏற இரண்டு வழிகள் போதும். மோட்டார் அதிகத் தண்ணீரைத் தள்ள வேண்டும், அல்லது வழி குறுக வேண்டும். உடம்பில் கட்டைவிரலின் வேலையைச் செய்பவை முடி போன்ற மிகச் சிறிய தமனிகள். அவை இறுகினால் அழுத்தம் ஏறும். குழாயில் எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்பதைப் பெரும்பாலும் சிறுநீரகமும் நாம் சாப்பிடும் உப்பும் முடிவு செய்கின்றன. இதை நினைவில் வையுங்கள். மாத்திரைகளைப் பற்றிப் பேசும்போது இங்கேதான் திரும்பி வருவோம்.

மேல் எண், கீழ் எண்

வீட்டு மோட்டார் போல இதயம் ஒரே சீராக ஓடுவதில்லை. விட்டு விட்டு, ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. அது சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது அழுத்தம் உச்சத்துக்குப் போகும். அதுதான் மேல் எண். அடுத்த துடிப்புக்கு முன் தளர்ந்திருக்கும்போது அழுத்தம் இறங்கி நிற்கும் இடம் கீழ் எண். 120/80 என்று சீட்டில் எழுதுவது இந்த இரண்டையும்தான்.

120 என்றால் எதில் 120? பாதரசத்தை 120 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தும் அளவு விசை என்று பொருள். வெறும் 12 சென்டிமீட்டர்தானா என்று இளப்பமாக நினைக்க வேண்டாம். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமானது. அதே விசை தண்ணீரை 160 சென்டிமீட்டருக்கு மேல், ஏறக்குறைய ஓர் ஆள் உயரத்துக்குத் தூக்கிவிடும். பிரஷர் 160 ஆனால் அந்தத் தண்ணீர் ஏழடியைத் தாண்டும். ஸ்டீஃபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைச் செருகிப் பார்த்து, ரத்தம் எட்டு அடிக்கு மேல் ஏறியதாக 1733இல் எழுதினார். பாவம் அந்தக் குதிரை. ஆனால் ரத்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்தது அப்படித்தான்.

வெவ்வேறு நாட்களில் பார்த்தும் மேல் எண் 140 அல்லது அதற்கு மேல், இல்லாவிட்டால் கீழ் எண் 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் ரத்த அழுத்தம். ஒரே ஒரு தடவை, அதுவும் பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்த மூச்சோடு பார்த்த எண்ணை வைத்து யாரையும் பிரஷர்காரர் ஆக்கக் கூடாது.

வெயிலில் கிடந்த ரப்பர்

புதிதாக வாங்கிய ரப்பர் குழாய் நெகிழ்ந்து கொடுக்கும். நான்கு கோடை வெயிலில் கிடந்தது கட்டைபோல ஆகிவிடும். தமனிகளும் அப்படித்தான்.

இளம் வயதில் இதயம் ரத்தத்தைத் தள்ளும்போது, அதிலிருந்து கிளம்பும் பெரிய தமனி கொஞ்சம் உப்பி, வேகத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். இதயம் தளரும்போது அது சுருங்கி, வாங்கி வைத்ததை முன்னே தள்ளும். அதனால் உச்சம் ரொம்ப ஏறாது, இறக்கமும் ரொம்ப இறங்காது. எழுபது வயதில் அந்தச் சுவர் விறைத்துப்போயிருக்கும். உப்ப முடியாததால் மேல் எண் எகிறும். திரும்பச் சுருங்கித் தள்ள முடியாததால் கீழ் எண் இறங்கிவிடும். முதியவர்களின் சீட்டில் 168/72 போன்ற எண்கள் அடிக்கடி இருப்பது இதனால்தான். மேல் எண் மட்டும் உயர்ந்து கீழ் எண் சரியாகவோ குறைவாகவோ இருக்கும் இந்த நிலையைத் தனித்த மேல் அழுத்த உயர்வு என்று சொல்லலாம்.

“கீழ் பிரஷர் நார்மல்தானே, அதுதான் முக்கியம்” என்று ஒரு பேச்சு ஊரில் உண்டு. முதியவர்கள் விஷயத்தில் அது தலைகீழ். பக்கவாதத்துக்கும் மாரடைப்புக்கும் முன்கூட்டியே சாட்சி சொல்வது இந்த வயதில் மேல் எண்தான். இதோடு ‘வயதோடு 100 கூட்டு’ என்ற பழைய வாய்பாட்டையும் தூக்கிப் போட்டுவிடலாம். அந்தக் கணக்குப்படி 75 வயதுக்காரருக்கு 175 சரியான அளவாகிவிடும்!

சரி, வயதானால் வருவதுதானே, விட்டுவிடலாமே என்றால், கண்புரையும் வயதானால்தான் வருகிறது. அதை யாரும் விட்டுவைப்பதில்லையே. 80 வயதைத் தாண்டிய 3,845 பேரை வைத்து நடந்த ஹைவெட் என்ற ஆய்வு 2008இல் வெளியானது. பிரஷருக்கு மாத்திரை சாப்பிட்டவர்களிடம் இறப்பு 21 சதவீதம் குறைவாக இருந்தது. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். எண்பதிலும் மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: தமனிச் சுவரை ரத்தம் தள்ளும் விசைதான் பிரஷர். வயதாகி தமனி விறைக்கும்போது மேல் எண் ஏறுகிறது. அது பலருக்கும் வருகிறது என்பதால் கெடுதல் இல்லாதது ஆகிவிடாது.

வலிக்காத நோய்

பல்வலி வந்தால் அன்றே பல் டாக்டரைத் தேடுவோம். பிரஷர் வலிக்காது. 180 இருக்கும் ஒருவர் மாடு கறந்துவிட்டு, சந்தைக்கும் போய் வருவார். தலைசுற்றலுக்கும் பிரஷருக்கும் ஊரில் போட்டுவைத்திருக்கும் முடிச்சு பெரும்பாலும் தவறு. தண்ணீர் குறைவு, காதுக்குள் கோளாறு, சர்க்கரை இறங்குவது, ஏன், பிரஷர் குறைந்துபோவதுகூடத் தலையைச் சுற்ற வைக்கும். அப்படிப் பிரஷர் குறைந்த நேரத்தில், ஏறிவிட்டது என்று நினைத்து இன்னொரு மாத்திரையை முழுங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வலிக்காமலே அது மூளை, இதயம், சிறுநீரகம், கண் என்று நுண்ணிய குழாய்கள் இருக்கும் இடங்களை அரித்துக்கொண்டிருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி இந்தியாவில் ஏறக்குறைய 22 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. அதைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் வெறும் 12 சதவீதம். மீதிப் பேருக்கு நிபுணர் கிடைக்கவில்லை என்பதல்ல பிரச்சினை. பலருக்கு இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களில் பலர் மாத்திரையைத் தொடங்கவில்லை. தொடங்கியவர்களில் பலர் பாதியில் விட்டுவிட்டார்கள்.

ஆகவே இதற்குத் தேவை ஸ்கேன் இயந்திரமோ குளிர்சாதன அறையோ அல்ல. சரியாக அளக்க ஒருவர் வேண்டும். மாத்திரை ஒரு நாளும் தீராமல் கிடைக்க வேண்டும். இந்த மாதம் வராவிட்டால் “ஏன் பாட்டி வரல?” என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். இந்த மூன்றாவது, எவ்வளவு காசு கொடுத்தாலும் பெரிய ஆஸ்பத்திரியில் கிடைக்காது.

‘ஆரம்ப’ என்றால் என்ன?

1978இல் அன்றைய சோவியத் கஜகஸ்தானின் அல்மா அட்டா நகரில் உலக நாடுகள் கூடி ஒரு பிரகடனம் வெளியிட்டன. மக்கள் வாழும் இடத்துக்குப் பக்கத்தில், முதல் தொடர்பாக, அவர்களால் தாங்க முடிந்த செலவில், தொடர்ந்து கிடைக்கும் கவனிப்பு என்ற கருத்து அதில்தான் உலக அளவில் பதிவானது. அதைத்தான் ஆரம்ப சுகாதாரக் கவனிப்பு என்கிறோம். இங்கே ‘ஆரம்ப’ என்பது தரத்தைக் குறிப்பதில்லை, வரிசையைக் குறிக்கிறது. முதலில் போகும் இடம், திரும்பத் திரும்பப் போகும் இடம்.

நம் நாட்டில் சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது விதி. மலைப்பகுதியில் 3,000, 20,000 என்று குறையும். துணை நிலையத்தில் கிராம சுகாதார செவிலியர் இருப்பார். தமிழ்நாட்டில் இந்த நிலையங்கள் பல காலம் பிரசவத்தையும் தடுப்பூசியையும் சுற்றியே இயங்கின. 2007இல் சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் உலக வங்கி உதவியுடன் பிரஷரைக் கண்டுபிடித்து மருந்து கொடுக்கும் முன்னோட்டம் நடந்தது. 2012 முதல் அது படிப்படியாக மாநிலம் முழுவதும் விரிந்தது. இதெல்லாம் நடக்க, மாத்திரை கையிருப்பில் இருக்க வேண்டுமே. அதற்கான அடித்தளத்தை 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் போட்டுவைத்திருந்தது. மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புவதுதான் அதன் வேலை.

அப்புறம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது. நடக்க முடியாத முதியவர் நிலையத்துக்கு வருவதற்குப் பதிலாக, மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரை கொடுக்கிறார். தேவைப்படுபவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. 2024இல் இதற்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்தது.

விருது இருக்கட்டும். என் கருத்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டு வாசலில் மாத்திரை அட்டையை வாங்குவது பாதி வேலைதான். அந்தம்மா வரும்போது கையில் பட்டையைக் கட்டி, எண்ணை எழுதி, போன மாத எண்ணோடு ஒப்பிட வேண்டும். எண் இறங்கவில்லை என்றால் மருத்துவர் மருந்தை மாற்ற வேண்டும். அட்டை மட்டும் வந்து எண் வராவிட்டால் அது தபால் சேவை. அளக்காமல் கொடுத்தால், “பிரஷர் பாருங்கம்மா” என்று கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு.

பட்டை கட்டும் முன்

நிலையத்திலோ வீட்டிலோ பார்க்கும் எண் தப்பாக வர நூறு வழிகள் உண்டு. ஐந்து நிமிடமாவது சும்மா உட்கார்ந்த பிறகே பார்க்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்கட்டும், கால்கள் தரையில் பதியட்டும், கால்மேல் கால் வேண்டாம். கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் முதலில் போய்விட்டு வரவும், அதுவே எண்ணை ஏற்றும். பார்ப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் காபி, பீடி இல்லாமல் இருப்பது நல்லது. சட்டைக் கைமேல் பட்டையைக் கட்டக் கூடாது. முக்கியமாக, பார்க்கும்போது பேசக் கூடாது. பேரனுக்குப் பெண் பார்த்த கதையை அந்த ஒரு நிமிடம் நிறுத்தி வைக்கலாம்.

சிலருக்கு வெள்ளை உடையைப் பார்த்தாலே எண் ஏறும். வீட்டில் 132, நிலையத்தில் 158 என்று இருந்தால் வீட்டு எண்களைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

என் பெரியம்மா பத்து வருடமாகச் செய்துவந்த ஒரு தவறு: “பிரஷர் பாக்கப் போற அன்னிக்கு மாத்திரை போடாமப் போனாத்தானே உண்மையான பிரஷர் தெரியும்?” கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மருத்துவர் தெரிந்துகொள்ள விரும்புவது இந்த மாத்திரை போதுமா என்பதை. மாத்திரை போடாமல் போனால் எண் கூடுதலாக வரும், அளவை ஏற்றிவிடுவார்கள், மறுநாள் ஏற்றிய அளவைச் சாப்பிட்டதும் தலை சுற்றும். அன்றைக்கும் போட்டுவிட்டே போக வேண்டும். ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரச் சொன்னாலும், பிரஷர் மாத்திரையைத் தண்ணீரோடு போட்டுக்கொள்ளலாம். சாப்பாட்டுக்கு முன் எடுக்கும் சர்க்கரை மருந்துக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

மாத்திரை எங்கே வேலை செய்கிறது?

மறுபடி தோட்டத்துக் குழாய்க்கு வருவோம். அம்லோடிபின் கட்டைவிரலைத் தளர்த்துகிறது, அதாவது நுண் தமனிகளை விரிக்கிறது. குளோர்தாலிடோன் போன்ற நீர் மாத்திரைகள் உப்பையும் தண்ணீரையும் சிறுநீரில் வெளியேற்றுகின்றன. எனலாபிரில், டெல்மிசார்டன் போன்றவை தமனியை இறுக்கி உப்பைப் பிடித்துவைக்கும் ஒரு சுரப்பின் வேலையைத் தடுக்கின்றன. முதலில் ஒன்றைச் சிறிய அளவில் கொடுத்து, ஒரு மாதம் கழித்துப் பார்த்து, போதாவிட்டால் அளவைக் கூட்டுவார்கள் அல்லது இன்னொன்றைச் சேர்ப்பார்கள். இரண்டு மாத்திரை ஆகிவிட்டதே என்று கலங்க வேண்டாம். குழாய்க்கு இரண்டு பக்கமும் உதவி தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

அம்லோடிபினால் கணுக்காலில் வீக்கம் வரலாம். எனலாபிரிலால் வறட்டு இருமல் வரலாம். இரண்டுக்கும் மாற்று மருந்து உண்டு. நிலையத்தில் போய்ச் சொன்னால் மாற்றித் தருவார்கள். சொல்லாமல் நிறுத்துவதுதான் வம்பு.

‘ஆரம்பித்தால் விட முடியாது’ என்பதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. இது அடிமைப்படுத்தும் மருந்தல்ல. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் எழுத்து மங்குவதைப் போல, மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் பழையபடி ஏறும். எண் 128க்கு வந்ததும் “குணமாயிடுச்சு” என்று நிறுத்துபவர்கள் கண்ணாடி போட்டதால் பார்வை சரியாகிவிட்டது என்று அதைக் கழற்றிவைப்பவர்கள்.

முதியவர்களுக்கென்று சில

அறுபதைத் தாண்டியவர்களிடம் உட்கார வைத்து மட்டும் அளந்தால் போதாது. உட்கார்ந்து பார்த்துவிட்டு, எழுந்து நின்றதும் ஒரு தடவை, மூன்று நிமிடத்துக்குள் இன்னொரு தடவை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அதற்கு நிற்கும்போது குறையும் அழுத்தம் என்று பெயர். இரவில் சிறுநீர் கழிக்க எழுந்து, இருட்டில் விழுந்து, இடுப்பு எலும்பை முறித்துக்கொள்ளும் தாத்தாக்களில் சிலருடைய கதை இங்கேதான் தொடங்குகிறது. படுக்கையில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் காலைத் தொங்கப்போட்டு, அப்புறம் எழ வேண்டும்.

பொதுவாக 140/90க்குக் கீழே கொண்டுவருவதுதான் இலக்கு. 80 தாண்டி உடம்பு தளர்ந்தவர்களுக்கு மருத்துவர் அதைச் சற்றுத் தளர்த்தலாம். பக்கத்து வீட்டுத் தாத்தாவின் எண்ணை உங்கள் அப்பாவுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

மூட்டுவலிக்குக் கடையில் தானாக வாங்கும் டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் படுத்தும். இதைப் பலர் மருத்துவரிடம் சொல்வதே இல்லை, ‘அது வலி மாத்திரைதானே’ என்று. போகும்போது வீட்டில் சாப்பிடும் எல்லா மருந்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். வாந்தி பேதி வந்தால் நீர் மாத்திரையைத் தொடரலாமா என்று அன்றே செவிலியரைக் கேளுங்கள். அப்புறம், மாத்திரையின் நிறம் மாறினால் மருந்தே மாறிவிட்டதாகப் பதறாமல் அட்டையில் பெயரைப் படிக்கச் சொல்லுங்கள். கம்பெனி மாறினால் நிறமும் மாறும்.

உப்பு பற்றி ஒரு வார்த்தை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாக என்கிறது உலக சுகாதார நிறுவனம். மோர், ஊறுகாய், அப்பளம், கருவாடு, வற்றல் எல்லாவற்றிலும் சேர்த்துத்தான் அந்த ஒரு டீஸ்பூன். இந்துப்பு என்றாலும் கல்லுப்பு என்றாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே சோடியம். சோடியம் குறைத்த உப்பில் பொட்டாசியம் இருப்பதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டெல்மிசார்டன் வகை மருந்து சாப்பிடுபவர்களும் கேட்காமல் வாங்கக் கூடாது.

நிலையத்தைத் தாண்டிப் போக வேண்டிய நேரம்

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் எண் இறங்காவிட்டாலோ, சிறுநீரில் புரதம் தெரிந்தாலோ, ஈசிஜியில் மாற்றம் இருந்தாலோ, நிலைய மருத்துவரே பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார். அங்கே பார்த்துவிட்டு மாதாமாத மாத்திரைக்கு மறுபடி ஊர் நிலையத்துக்கே வரலாம்.

ஆனால் சில நேரம் சீட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கையோ காலோ தூக்க முடியாமல் போனால், பேச்சு குழறினால், நெஞ்சு வலித்தால், மூச்சுத் திணறினால், பார்வை சட்டென்று மங்கினால், எண் என்ன என்று பார்த்துக்கொண்டிருக்காமல் 108க்குக் கூப்பிடுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். வண்டி வரும்வரை நாக்குக்கு அடியில் பிரஷர் மாத்திரை எதையும் வைக்க வேண்டாம். ஒரு காலத்தில் ஆஸ்பத்திரிகளிலேயே அப்படி வைத்தார்கள். அழுத்தம் மடமடவென்று சரிந்து, மூளைக்குப் போகும் ரத்தமும் குறைந்துபோவதைப் பார்த்த பிறகு நிறுத்திவிட்டார்கள்.